சம்பவம் என்ற கட்டம்

3 பிப்ரவரி 2026, செவ்வாய்

காற்று கிழக்கிலிருந்து. கடல் அமைதி.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியும் இப்படித்தான் எழுதத் தொடங்க வருகிறது. துறைமுகத்து இழுவைப் படகில் முப்பத்தோரு வருடம் சுக்கான் பிடித்தவன். படகு மாஸ்டர் சொல்லச் சொல்ல, காற்று, கடல், நடந்தது எல்லாம் பதிகிற லாக் புத்தகம் எழுதியதும் நான்தான். கை மறக்கவில்லை.

இன்று என் நாய் வஞ்சியோடு காலடிப்பேட்டை சிறப்புப் பள்ளிக்குப் போனேன். பத்தரை முதல் பதினொன்றே கால் வரை. வழக்கம்போல் பின் கேட், குப்பை வண்டி போகிற வழி. வாட்ச்மேன் தாவூது வழக்கம்போல் வருத்தப்பட்டார். "தப்பா நெனச்சுக்காதண்ணே. நாய்க்கு முன் கேட்டு இல்லன்னு மேல சொல்லிகீறாங்க. நான் இன்னா பண்றது?" இரண்டு வருடமாக இதே வருத்தம். மனுஷனைக் குறை சொல்லவும் முடியவில்லை, டீ வாங்கிக் கொடுக்கிறார்.

பிள்ளைகள் பதினோரு பேர். வஞ்சி நடுவில் படுத்துக்கொள்வாள். ஒவ்வொருவராக வந்து தடவுவார்கள், புத்தகம் வாசித்துக் காட்டுவார்கள், சிலர் சும்மா அவள் வயிற்றில் தலை வைத்துக் கிடப்பார்கள். ஜோதிகா எண்ணூர் குப்பத்திலிருந்து வேனில் வருகிறவள், ஒன்பது வயது. யாரோடும் பேசுவதில்லை. வஞ்சியின் காதில் மட்டும் 'வஞ்சி' என்பாள். அவள் வாயிலிருந்து வருகிற ஒரே வார்த்தை அதுதான் என்று சொக்கம்மாள் டீச்சர் சொல்கிறார்.

முழுப் பெயர் வஞ்சிரம். எட்டு வருடத்துக்கு முன் காசிமேட்டில், ஏலத்துக்கு வைத்திருந்த வஞ்சிர மீனின் வாலைக் கவ்வி இழுத்துக்கொண்டு ஓடிய குட்டி. திருட்டுப் பிறவிக்கு இன்று ஊழியம்.

மாலையில் திலீப் போன் செய்தான். எங்களைப்போல் நாய்களோடு பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களைச் சேர்த்து வைத்து நடத்துகிறவன் அவன். "21ஆம் தேதி விழா அங்கிள். அஞ்சு நாய்க்கும் சேவை நாய்னு கார்டு, கழுத்துக்கு நீலத் துண்டு. கார்டுல நாய் பேரும் இருக்கும், உங்க பேரும் இருக்கும். இனிமே எவனும் உங்களைப் பின்னால வான்னு சொல்ல முடியாது." வஞ்சியின் தடுப்பூசிப் புத்தகம், பள்ளியின் வருகைப் பதிவேடு இரண்டுக்கும் நகல் வேண்டுமாம்.

அறுபத்து மூன்று வயதில் ஒரு கார்டுக்கு இப்படி ஆசைப்படுவது வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஆசையாகத்தான் இருக்கிறது.

5 பிப்ரவரி, வியாழன்

ஃப்ளோரா கேட்கிறாள்: "கார்டு வந்தா நாய்க்கு ரேஷன் அரிசியும் போடுவானா மேன்?" என் மனைவிக்கும் வஞ்சிக்கும் எட்டு வருடமாக எதிர்வீட்டுக்காரர்கள் உறவு. பார்த்துக்கொள்வார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள்.

வஞ்சி பிஸ்கட்டை ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். வயசாகிறது போலும்.

10 பிப்ரவரி, செவ்வாய்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஜோதிகா வஞ்சியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தாடையை அழுத்தினாள். வஞ்சி உறுமினாள். இந்த எட்டு வருடத்தில் நான் கேட்காத சத்தம். வெடுக்கென்று தலையைத் திருப்பினாள், பல் பட்டுவிட்டது. கடி இல்லை. கடி என்று சொல்ல முடியாது. பட்டது.

குழந்தை கையை இழுத்துக்கொண்டாள். அழவில்லை. டீச்சர் வேறொரு பையனுக்கு மூக்கு துடைத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. நான் கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே சிவப்பாக ஒரு கோடு, அரை விரல் நீளம். ரத்தம் இல்லை. இருந்ததா? கைக்குட்டையால் துடைத்தேன். துடைத்த பிறகு இல்லை. சட்டைக் கையை இழுத்து மூடிவிட்டேன்.

பதிவேட்டில் தேதி, நேரம், நாயின் பெயர், அழைத்து வந்தவர், கடைசிக் கட்டம் 'சம்பவம்'. அதில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

11 பிப்ரவரி, புதன்

ஊசி போட்ட நாய்தானே. நேற்றிலிருந்து நூறு தடவை சொல்லிக்கொண்டாயிற்று. காலையில் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். போன செப்டம்பர் தேதியில் முத்திரை இருக்கிறது.

முத்திரை இருக்கிறது. ஊசி?

மார்க்கெட் மைதானத்தில் இலவச முகாம். அறுபது நாய் வரிசையில். சீக்கிரம் முடியட்டும் என்று மேஜையில் இருந்த ஆள் எல்லோருடைய புத்தகத்திலும் முதலிலேயே முத்திரை குத்திக்கொண்டே வந்தான். எங்கள் முறை வந்தபோது டாக்டர் வஞ்சியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு சுடுது, பதினஞ்சு நாள் கழிச்சு கொண்டாங்க" என்றார். அந்த வாரம்தான் ஃப்ளோராவுக்குக் கண் ஆபரேஷன். மறந்துபோனேன்.

மறந்துபோனேன் என்பது முழு உண்மை இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் ஞாபகம் வந்தது. முத்திரைதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். ஜனவரியில் காசிமேட்டில் யாருடையது என்று தெரியாத ஒரு நாய் வஞ்சியின் காதைக் கடித்தது. மஞ்சள் பூசினேன், ஆறிவிட்டது. அந்த நாயை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

வெறிநோய் வந்த பிறகு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால்தான் ஊசி. இது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டு இன்று நான் செய்தது என்ன? வஞ்சியைக் குளிப்பாட்டினேன். பவுடர் போட்டேன்.

12 பிப்ரவரி, வியாழன்

வஞ்சி தண்ணீர் குடிக்கவில்லை.

கிண்ணத்தருகே போகிறாள், நாக்கை வைக்கிறாள், சடாரென்று பின்வாங்குகிறாள். வாயோரம் எச்சில். தண்ணீரைக் கண்டு பயப்படுவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிண்ணத்தை மாற்றினேன். இடத்தை மாற்றினேன். பால் வைத்தேன். அதையும் தொடவில்லை.

சனிக்கிழமை மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைப் பாதரிடம் ரகசியமாகச் சொல்கிற நாள். சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று மத்தியானம் தோன்றியது. அவர் யாரிடமும் சொல்ல முடியாது. சொன்ன மாதிரியும் ஆகும், சொல்லாத மாதிரியும் ஆகும். அந்த நினைப்பு வந்ததும் கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

திலீப்புக்கு இரண்டு தடவை போன் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். அவனே செய்தி அனுப்பினான்: கார்டுக்கு நானும் வஞ்சியும் சேர்ந்து இருக்கிற போட்டோ வேண்டும். அனுப்பினேன். என் ஆண்டவரே, அனுப்பிவிட்டேன்.

13 பிப்ரவரி, வெள்ளி

ஃப்ளோரா கண்டுபிடித்துவிட்டாள். நிரம்பியபடி இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா மேன் மறைக்கிற?" எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார் விஷயத்தையும்.

"சாமியாருக்குச் சொன்னா கொயந்தைக்கு ஊசி யாரு போடுவா? பாதரா போடுவாரு? செருப்பப் போடு. கெளம்பு."

வஞ்சியைப் பின்கட்டில் கட்டிக் கதவைச் சாத்திவிட்டு ஆட்டோவில் போனோம். டோல்கேட் சிக்னலில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றதில் இருபது நிமிடம் போனது. என் வாழ்க்கையிலேயே நீளமான இருபது நிமிடம். இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஃப்ளோரா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், ஆறுதலுக்கா காவலுக்கா தெரியவில்லை.

சொக்கம்மாள் டீச்சரிடம் சொன்னேன். அவர் ஜோதிகாவின் சட்டைக் கையை மேலே தூக்கிப் பார்த்தார். கோடு காய்ந்து கறுத்திருந்தது. போனை எடுத்தார்.

ஜோதிகாவின் அம்மா நர்மதா எண்ணூரிலிருந்து அரை மணியில் வந்துவிட்டாள். மீன் விற்றுக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள், கையெல்லாம் செதில். நான் சொல்லி முடிக்கிற வரை கேட்டாள். பிறகு கேட்டாள்: "மூணு நாளா வாயில இன்னா, கொழுக்கட்டயா வச்சினு இருந்த?"

"பயந்துட்டேம்மா."

"நீ பயந்த. என் பொண்ணு பயந்தா சொல்லக்கூட தெரியாதுய்யா அதுக்கு."

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "ரத்தம் வந்துச்சா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமைக் கைக்குட்டை சட்டைப்பையில் இருந்தது. துவைக்கப் போடவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. விரித்துக் காட்டினேன். கடுகளவு ஒரு பழுப்புப் புள்ளி. ஃப்ளோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதனால் தோள்களில் போடுகிற ஊசியோடு, காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போட்டார்கள். அது வலிக்கிற ஊசி. ஜோதிகா துடித்தாள். வாயைத் திறந்து முதல் தடவையாகச் சத்தமாகக் கத்தினாள். "வஞ்சி. வஞ்சி. வஞ்சி." வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நாயைப் பத்து நாள் கவனிக்க வேண்டும், பல் பட்ட நாளிலிருந்து பத்து நாள். அதுவரை நன்றாக இருந்தால் நோய் இல்லை என்றார் டாக்டர், செத்தால் உடனே சொல்ல வேண்டும். இருபதாம் தேதி வரை.

திரும்பும்போது பள்ளிக்குப் போய்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். லாக் புத்தகத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது, மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. பழைய எழுத்து தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது, தேதி, நேரம், கையெழுத்து. முப்பத்தோரு வருடத்தில் நூறு தடவை செய்திருப்பேன். 'இல்லை' என்பதன் மேல் கோடு போட்டேன். 'நாயின் பல் ஜோதிகாவின் வலக்கையில் பட்டது. ரத்தம் வந்தது. மறைத்தேன்.' முகாமில் ஊசி போடாததையும் கீழே எழுதினேன். வெளியே வந்து திலீப்புக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

14 பிப்ரவரி, சனி

வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வஞ்சியைக் கொண்டு போனோம். வாய்க்கூடு போட்டு, ஆட்டோக்காரரிடம் உண்மையைச் சொல்லி. நான்காவது ஆட்டோக்காரர்தான் ஒப்புக்கொண்டார்.

டாக்டரம்மா எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். வலது தாடை வீங்கியிருக்கிறதாம். கடைவாய்ப்பல் சொத்தையாகிச் சீழ் கட்டியிருக்கலாம், அதனால் தண்ணீர் பட்டால் வலிக்கும், தொட்டால் உறுமும். "அப்போ அது இல்லையாம்மா?" என்றேன். "பல்லாவும் இருக்கலாம், அதுவாவும் இருக்கலாம். பத்து நாள் போகாம இதோட வாயில நான் கை வைக்க மாட்டேன்." மாத்திரை கொடுத்தார்.

ஒரு பக்கமாக மென்றாளே. பார்த்தேனே. வயசாகிறது என்று எழுதி வைத்தேனே. பேசத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, பேசத் தெரிந்த நான் ஒருவன் என்ன செய்தேன்?

15 பிப்ரவரி, ஞாயிறு

வஞ்சி கஞ்சி குடித்தாள். கால் கிண்ணம். முழங்காலில் விழுந்தேன்.

16 பிப்ரவரி, திங்கள்

ஜோதிகாவுக்கு இரண்டாவது ஊசி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். நர்மதா என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி போனாள். அது நியாயம்தான்.

18 பிப்ரவரி, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வைத்து, மண்ணுக்குத்தான் திரும்புவாய் என்று பாதர் சொன்னபோது எனக்கு என் ஞாபகம் வரவில்லை. ஒன்பது வயதுக் கை ஒன்றுதான் வந்தது. நடு பூசையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

எட்டாம் நாள். வஞ்சி இன்று நாள் முழுக்கத் தூங்கினாள். தூங்குகிறாளா, தளர்கிறாளா? பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவிடுக்கில் பார்க்கிறேன். ஃப்ளோரா கஞ்சித் தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளி உள்ளே விடுகிறாள். விட்டுவிட்டுப் போகாமல் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, "துன்னு. துன்னித் தொல. உன்னால எம் புருசன் சாவறான்" என்று பேசிக்கொண்டிருக்கிறாள். வஞ்சி அவள் குரலுக்கு எழுந்து வந்து தின்கிறாள். என் குரலுக்கு வரவில்லை.

20 பிப்ரவரி, வெள்ளி

பத்தாம் நாள்.

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறக்கப் பயந்து, தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஃப்ளோரா என்னைத் தள்ளிவிட்டுத் திறந்தாள். வஞ்சி எழுந்து நின்று சோம்பல் முறித்தாள். வாலை ஆட்டினாள். தண்ணீரை முக்கால் கிண்ணம் குடித்தாள்.

சொக்கம்மாள் டீச்சருக்குப் போன் செய்து, "உயிரோட இருக்கு டீச்சர்" என்றேன். நர்மதாவிடம் அவர் சொல்லிவிடுவார். ஜோதிகாவுக்கு மூன்றாவது ஊசியும் இன்றைக்கே.

பின்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வஞ்சி பக்கத்தில் வந்து படுத்தாள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் படுப்பது மாதிரியே.

21 பிப்ரவரி, சனி

நான்கு நாய்களுக்குக் கார்டு கொடுத்தார்கள். திலீப் போட்டோ எதுவும் அனுப்பவில்லை. நல்ல பையன்.

25 பிப்ரவரி, புதன்

பல்லைப் பிடுங்கியாயிற்று. உள்ளே அத்தனை சீழ். வெறிநாய் ஊசியும் போட்டாயிற்று, என் கண் முன்னால் மருந்து உள்ளே போவதைப் பார்த்த பிறகே முத்திரைக்குப் புத்தகத்தை நீட்டினேன். டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

13 மார்ச், வெள்ளி

ஜோதிகாவுக்குக் கடைசி ஊசி. அதை முடித்துவிட்டு நர்மதா பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தாள். அவள், டீச்சர், திலீப், நாங்கள் இருவர். ஃப்ளோரா தானாகவே கிளம்பி வந்தாள்.

நர்மதா சொன்னாள்: "தெனம் வேன்ல ஏறும்போது அந்த நாய் பேரச் சொல்லுது. வூட்லயும் சொல்லுது. அதும் வாயில வர்ற ஒரே பேச்சு அது. அத நான் நிறுத்த மாட்டேன். நாய் வரட்டும்." என்னைக் கையால் காட்டினாள். "இவுரு வேணாம். நாய் இன்னா பண்ணும், அதுக்கு வலிச்சுது. இவுருக்கு இன்னா வலிச்சுது?"

திலீப் தயங்கித் தயங்கிச் சொன்னான். வஞ்சி மறுபடி சோதனையில் தேறினால் கார்டு உண்டு. ஆனால் பதிவேட்டில் பொய் எழுதியவர் பெயர் கார்டில் ஒரு வருடத்துக்கு வரக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார்கள். "நீங்களா வந்து சொன்னதால ஒரு வருஷம் அங்கிள். இல்லன்னா எப்பவுமே இல்ல." வேறு யாராவது அழைத்து வரப் பழகிக்கொண்டால் —

"நான் கூட்டினு வர்றேன்" என்றாள் ஃப்ளோரா.

எல்லோரையும் விட அதிகம் திடுக்கிட்டவன் நான்.

24 மார்ச், செவ்வாய்

ஃப்ளோராவுக்கும் வஞ்சிக்கும் சோதனை. கீழே பாத்திரம் போட்டார்கள், குடையை விரித்தார்கள், சக்கர நாற்காலியை மேலே உரசுகிற மாதிரி ஓட்டினார்கள். தாடையையும் அழுத்திப் பார்த்தார்கள். வஞ்சி அசையவில்லை. ஃப்ளோராதான் குடைக்கு ஒரு அடி பின்னால் போனாள். இரண்டு பேரும் தேறிவிட்டார்கள்.

7 ஏப்ரல், செவ்வாய்

காற்று தெற்கிலிருந்து. வெயில்.

ஈஸ்டர் ஞாயிற்றுக்கு எடுத்த புடவையை ஃப்ளோரா இன்றும் கட்டிக்கொண்டாள். வஞ்சி கழுத்தில் நீலத் துண்டு. கார்டில் மேலே 'வஞ்சிரம்', கீழே 'ஃப்ளோரா கஸ்பார்'. அவள் பெயருக்குப் பின்னால் என் பெயர் வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

காலடிப்பேட்டை வரை கூடப் போனேன். தாவூது முன் கேட்டை, இரண்டு பக்கமும், முழுதாகத் திறந்தார். அவர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே அவருடைய பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்தரை மணி. அவர் டீ கொடுத்தார். ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

ஜோதிகா தாடையைப் பிடித்தால்? இன்னொரு பல் சொத்தையாக இருந்தால்? ஃப்ளோராவுக்கு நாயின் முகம் படிக்கத் தெரியுமா? எனக்கே தெரியவில்லையே. உள்ளே ஏதோ சத்தம் கேட்டு இரண்டு தடவை எழுந்தேன். "உக்காருண்ணே. பசங்க சிரிக்குதுங்க" என்றார் தாவூது.

பதினொன்று இருபதுக்கு வந்தார்கள். ஐந்து நிமிடம் தாமதம். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஃப்ளோரா பதிவேட்டை டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தாள். எனக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். மேலே நான் கோடு போட்டது, என் கையெழுத்து. அதற்கு நேர் கீழே அவளுடைய கோணல் எழுத்தில் தேதி, நேரம், பெயர். சம்பவம்: இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் மூன்று தடவை கேட்டேன். நிஜமாகவே ஒன்றும் இல்லையா? தாடையைத் தொட்டாளா? வஞ்சி உறுமவில்லையா?

மூன்றாவது தடவை ஃப்ளோரா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "இல்லன்னு எழுதிகீறேன் இல்ல? எழுதுனது நானு மேன். நீயா இருந்தா திரும்பக் கேக்கலாம்."

வஞ்சி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அவள் பக்கமாகப் போய் நின்றாள். நான் பின்னால் நடந்தேன்.